எனர்ஜி ஷாட்: சிறிய புட்டியில் செறிந்த காஃபின் குறித்து நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

முக்கியக் குறிப்புகள்

• எனர்ஜி ஷாட் என்பது ஏறத்தாழ 60 மில்லி லிட்டர் அளவுள்ள சிறிய புட்டியில் விற்கப்படும் செறிவூட்டப்பட்ட காஃபின் பானமாகும். ஒரு புட்டியில் 200 மில்லி கிராம் அல்லது அதற்கும் மேற்பட்ட காஃபின் இருக்கக்கூடும்.
• களைப்பு குறைந்ததுபோன்ற உணர்வை அளிப்பது பெரும்பாலும் அதிலுள்ள காஃபினே. அது ஆற்றலை உண்டாக்குவதில்லை. சோர்வு உணர்வைச் சில மணி நேரம் மறைக்கிறது.
• குழந்தைகள், வளரிளம் பருவத்தினர், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், இதயத் துடிப்புக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, பதற்ற நோய் உள்ளவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும்.
• நெஞ்சுவலி, மயக்கம், வலிப்பு, சீரற்ற இதயத் துடிப்பு ஆகியவை தோன்றினால் உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.
• நாள்தோறும் இத்தகைய பானம் தேவைப்படும் அளவுக்குக் களைப்பு இருந்தால், அக்களைப்புக்கான காரணத்தை மருத்துவரிடம் கண்டறிய வேண்டும்.

எனர்ஜி ஷாட் என்றால் என்ன?

கடைகளில் 250 அல்லது 500 மில்லி லிட்டர் அளவுகளில் விற்கப்படும் ஆற்றல் பானங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனர்ஜி ஷாட் அவற்றின் சுருங்கிய வடிவம். பெரிய குடுவையில் இருக்கும் நீரையும் சர்க்கரையையும் நீக்கிவிட்டு, காஃபினையும் சில வைட்டமின்களையும் அமினோ அமிலங்களையும் இரண்டு மூன்று மிடறுகளில் குடித்து முடிக்கக்கூடிய அளவுக்குச் செறிவாக்கித் தருவதே இதன் அடிப்படை.

அளவு சிறியதாக இருப்பதால் இதிலுள்ள காஃபினும் குறைவாகவே இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. ஆஸ்திரியாவில் 1987-ஆம் ஆண்டு அறிமுகமான ரெட் புல் பானத்தின் 250 மில்லி லிட்டர் குடுவையில் 80 மில்லி கிராம் காஃபின் உள்ளது. அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையாகும் எனர்ஜி ஷாட்டின் 57 மில்லி லிட்டர் புட்டியில் சுமார் 200 மில்லி கிராம் உள்ளது. அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான திரவத்தில் இரண்டரை மடங்கு காஃபின் அடங்கியுள்ளது.

இது எவ்வாறு பரவியது?

சிறிய புட்டியில் ஊக்க பானம் விற்கும் வழக்கம் ஆசியாவில்தான் முதலில் வேரூன்றியது. ஜப்பானில் தைஷோ மருந்து நிறுவனம் 1962-ஆம் ஆண்டு லிப்போவிட்டான் டி என்ற டானிக்கை 100 மில்லி லிட்டர் புட்டியில் அறிமுகம் செய்தது. அதில் டாரினும் 50 மில்லி கிராம் காஃபினும் இருந்தன. தாய்லாந்தில் தோன்றிய கிராதிங் தேங் என்ற பானமே பின்னர் ரெட் புல் ஆக மாற்றம் பெற்றது.

இன்று எனர்ஜி ஷாட் என்று அறியப்படும் வடிவம் 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பரவத் தொடங்கியது. லக்னோவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மனோஜ் பார்கவாவின் நிறுவனம் ஃபைவ் அவர் எனர்ஜி என்ற பெயரில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் பரவலுக்குப் பல காரணங்கள் உண்டு.

• குளிரூட்ட வேண்டிய தேவையில்லை. ஆகவே குளிர்பானங்களுடன் குளிர்பெட்டியில் இடத்துக்குப் போட்டியிடாமல், பணம் செலுத்தும் மேசையின் அருகிலேயே இதனை அடுக்கி வைக்க முடிந்தது.
• சட்டைப் பையிலும் கைப்பையிலும் வாகனத்திலும் எளிதாக வைத்துக்கொள்ளலாம்.
• சர்க்கரை இல்லை, கலோரி மிகக் குறைவு என்ற விளம்பரம், இது உடல்நலத்துக்கு உகந்தது என்ற எண்ணத்தை ஏற்படுத்தியது.
• இரவுப் பணியாளர்கள், நெடுந்தொலைவு வாகன ஓட்டுநர்கள், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் ஆகியோரின் உண்மையான தேவை ஒன்றை இது குறிவைத்தது.

அமெரிக்காவில் இது உணவுத் துணைப்பொருள் என்ற வகையில் விற்கப்பட்டது. அவ்வகைப் பொருள்களின் லேபிளில் காஃபினின் துல்லியமான அளவைக் குறிப்பிடுவது அங்குக் கட்டாயமாக இருக்கவில்லை. எனவே தாம் எவ்வளவு காஃபின் உட்கொள்கிறோம் என்பதை அறியாமலேயே பலர் இதனைக் குடித்துவந்தனர்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

காஃபின்: விழிப்பு உணர்வை அளிக்கும் முதன்மைப் பொருள் இதுவே.

பி வகை வைட்டமின்கள்: உணவிலிருந்து உடல் ஆற்றலைப் பெறுவதற்கு இவை தேவை. ஆயினும், உடலில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும்போது கூடுதலாகக் குடிப்பதால் கூடுதல் ஆற்றல் கிடைப்பதில்லை. மேலே குறிப்பிட்ட அமெரிக்கப் பானத்தின் லேபிளில் பி6 வைட்டமின் 40 மில்லி கிராம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 1.3 மில்லி கிராம் மட்டுமே. பி6 வைட்டமினை நீண்ட காலம் மிகையாக உட்கொண்டால் கை கால்களில் மரத்துப்போதல், எரிச்சல் போன்ற நரம்புப் பாதிப்புகள் ஏற்படலாம். இதற்கான நாளொன்றின் உச்ச வரம்பை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ஆம் ஆண்டு 12 மில்லி கிராம் என நிர்ணயித்தது.

நியாசின்: இது பி3 வைட்டமின். குடித்த சிறிது நேரத்தில் சிலருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, சூடாகி, ஊசி குத்துவதுபோன்ற உணர்வு ஏற்படும். இது பொதுவாகத் தானே மறையும். ஆனால் நாள்தோறும் பல புட்டிகளோ குடுவைகளோ குடிப்பவர்களின் கல்லீரல் பாதிக்கப்படலாம். மூன்று வாரங்களாக நாளொன்றுக்கு நான்கைந்து ஆற்றல் பானங்கள் குடித்த 50 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவருக்குக் கடுமையான கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை 2016-ஆம் ஆண்டு வெளியான மருத்துவ அறிக்கை ஒன்று பதிவு செய்துள்ளது. அதிகப்படியான நியாசினே அதற்குக் காரணமாக இருக்கலாம் என மருத்துவர்கள் கருதினர்.

டாரின், டைரோசின் முதலிய அமினோ அமிலங்கள்: இவை காஃபினின் விளைவை நீட்டிக்கும் என்று விளம்பரங்களில் கூறப்படுவதுண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அரசு தொடுத்த வழக்கில், காஃபினுடன் வைட்டமின்களும் அமினோ அமிலங்களும் சேர்வதால் காபியைவிட நீண்ட நேரம் ஆற்றல் நிலைக்கும் என்ற விளம்பரக் கூற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. 2017-இல் அபராதமும் வழக்குச் செலவுமாகச் சுமார் 43 லட்சம் டாலர் செலுத்துமாறு அந்நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது.

காஃபின் உடலில் எவ்வாறு செயல்படுகிறது?

நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அது நரம்பணுக்களிலுள்ள ஏற்பிகளில் பொருந்தும்போது நமக்குத் தூக்கம் வருகிறது. காஃபின் அந்த ஏற்பிகளில் தான் அமர்ந்துகொண்டு அடினோசினைத் தடுக்கிறது. அதனால் சோர்வு தெரிவதில்லை. ஆனால் அடினோசின் சேர்வது நிற்பதில்லை. காஃபினின் விளைவு குறையும்போது, அதுவரை சேர்ந்திருந்த சோர்வு ஒருசேர வெளிப்படுகிறது. இதனையே பலர் ‘மருந்து இறங்கியதும் ஆளைச் சாய்க்கிறது’ என்று விவரிக்கின்றனர். அந்நேரத்தில் அடுத்த புட்டியைத் திறப்பதே அளவு மீறுவதற்கான பொதுவான காரணமாகும்.

குடித்த காஃபினில் பெரும்பகுதி முக்கால் மணி நேரத்துக்குள் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. பின்னர் கல்லீரல் அதனை மெதுவாக வெளியேற்றுகிறது. உடலிலுள்ள காஃபின் பாதியாகக் குறைய ஆரோக்கியமான பெரியவருக்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மாலை 4 மணிக்கு 200 மில்லி கிராம் காஃபின் உள்ள ஒரு புட்டியைக் குடித்தால்:

• இரவு 9 மணிக்குச் சுமார் 100 மில்லி கிராம் உடலில் எஞ்சியிருக்கும்.
• அதிகாலை 2 மணிக்கும் சுமார் 50 மில்லி கிராம் எஞ்சியிருக்கும். இது ஒரு கோப்பை உடனடிக் காபியில் உள்ள அளவுக்கு நிகரானது.

இந்த வேகம் ஆளுக்கு ஆள் மாறுபடும். கருவுற்ற இறுதி மாதங்களில் பாதியாகக் குறைவதற்கே 15 மணி நேரம் வரை ஆகலாம். கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு நேரம் ஆகும். புகைபிடிப்பவர்களின் உடலிலிருந்து காஃபின் விரைவாக வெளியேறும். எனவே புகைப்பழக்கத்தைக் கைவிட்டவர்கள் முன்பு குடித்த அதே அளவு காஃபினைத் தொடர்ந்தால் படபடப்பும் தூக்கமின்மையும் மிகுதியாகலாம். புகையை நிறுத்தியதால்தான் இவை வந்தன என்று கருதி மீண்டும் புகைக்கத் தொடங்கிவிடாமல், காஃபினின் அளவைக் குறைத்துப் பாருங்கள்.

எவ்வளவு காஃபின் வரை உட்கொள்ளலாம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களின்படி, நாளொன்றுக்கு மொத்தக் காஃபின் 300 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 400 மில்லி கிராம் வரை பொதுவாகத் தீங்கில்லை என்கின்றன. ஒரே வேளையில் 200 மில்லி கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும் ஐரோப்பிய ஆணையம் குறிப்பிடுகிறது.

இந்திய வழிகாட்டுதல்களில் தரப்பட்டுள்ள அளவுகளைக் கொண்டு உங்கள் அன்றாடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

• வடித்த காபி, 150 மில்லி லிட்டர்: 80 முதல் 120 மில்லி கிராம்
• உடனடிக் காபி, 150 மில்லி லிட்டர்: 50 முதல் 65 மில்லி கிராம்
• தேநீர், ஒரு வேளை: 30 முதல் 65 மில்லி கிராம்

காலையில் ஒரு வடித்த காபி, மாலையில் ஒரு தேநீர் ஆகியவற்றோடு 200 மில்லி கிராம் காஃபின் உள்ள ஒரு புட்டியும் சேர்ந்தால் மொத்த அளவு 310 முதல் 385 மில்லி கிராம் வரை ஆகிவிடும். இந்திய வரம்பு ஒரே புட்டியால் மீறப்படுகிறது. வரம்பை மீறியதாக அவர் உணரவும் மாட்டார். ஏனெனில் அவர் கூடுதலாகக் குடித்தது மூன்று மிடறு மட்டுமே.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் கணிப்பின்படி, குறுகிய நேரத்தில் ஏறத்தாழ 1,200 மில்லி கிராம் காஃபின் உட்கொண்டால் வலிப்பு போன்ற நச்சு விளைவுகள் ஏற்படக்கூடும். சூடான காபியாக இந்த அளவைக் குடித்து முடிப்பது கடினம், வயிறு நிறைந்துவிடும். சிறிய புட்டிகளில் அந்த இயற்கையான தடை இல்லை.

இதயத்தில் ஏற்படும் விளைவுகள்

காஃபின் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் தற்காலிகமாக மாற்றுகிறது. 2019-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், 18 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான 34 பேருக்கு, 300 மில்லி கிராமுக்குச் சற்று மேற்பட்ட காஃபின் கொண்ட ஆற்றல் பானங்கள் வழங்கப்பட்டன. நான்கு மணி நேரம் கழித்தும், ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னியல் ரீதியாகத் தயார்நிலைக்குத் திரும்பும் நேரம் நீண்டிருந்தது; இரத்த அழுத்தமும் 4 முதல் 5 அலகுகள் உயர்ந்திருந்தது. ஆரோக்கியமானவர்கள் இம்மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளலாம். பிறவியிலேயே இந்த நேரம் நீண்டிருக்கும் மரபுவழி இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்தான துடிப்புக் கோளாறைத் தூண்டக்கூடும்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், திடீர் இதய நிறுத்தத்திலிருந்து உயிர்பிழைத்த, மரபுவழி இதயநோய் உள்ள 144 பேரின் விவரங்கள் ஆராயப்பட்டு 2024-இல் வெளியிடப்பட்டன. அவர்களுள் 7 பேர் அந்நிகழ்வுக்குச் சற்று முன்னர் ஆற்றல் பானம் குடித்திருந்தனர். பானமே காரணம் என்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. தூக்கமின்மை, நீரிழப்பு, கடும் உடற்பயிற்சி போன்றவையும் அவர்களிடம் காணப்பட்டன. எனினும் இத்தகைய கோளாறு உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்க இது போதிய காரணமாகும்.

உங்கள் குடும்பத்தில் யாரேனும் 40 வயதுக்குள் திடீரென உயிரிழந்திருந்தாலோ, ஓடும்போதோ விளையாடும்போதோ நீங்கள் மயங்கி விழுந்திருந்தாலோ, இப்பானங்களைத் தொடாமல் முதலில் மருத்துவரை அணுகி இதய மின்வரைவுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

யார் கட்டாயம் தவிர்க்க வேண்டும்?

• குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும்: குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 3 மில்லி கிராம் என்பதே நாளொன்றின் உச்ச அளவு என ஐரோப்பிய ஆணையம் கூறுகிறது. 30 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அது 90 மில்லி கிராம். ஒரே புட்டி அதனைப்போல் இருமடங்குக்கும் மேலாகும். ஆற்றல் பானங்களுக்குச் சிறுவர்களின் உணவில் இடமே இல்லை என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடு.
• கருவுற்றவர்கள்: காஃபின் நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. எல்லா வகை உணவுகளிலிருந்தும் சேர்த்து 200 மில்லி கிராமுக்குள் இருக்குமாறு மகப்பேறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.
• பாலூட்டும் தாய்மார்கள்: தாய்ப்பாலின் வழியே சிறிதளவு காஃபின் குழந்தைக்குச் செல்கிறது. பச்சிளங்குழந்தையின் கல்லீரலால் அதனை வெளியேற்றப் பல நாள்கள் ஆகும்.
• இதயத் துடிப்புக் கோளாறு, இதயநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள்
• வலிப்புநோய், பதற்ற நோய், இருமுனைய மனநோய், நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவர்கள்
• தைராய்டு மிகைச் சுரப்பு, வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள்

மருந்துகளுடன் சேரும்போது

நீங்கள் வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் பேசும்போது, இத்தகைய பானங்களையும் குறிப்பிடுங்கள். குறிப்பாகக் கீழ்க்கண்டவற்றில் கவனம் தேவை.

• சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும், ஃப்ளூவாக்சமின் என்ற மனச்சோர்வு மருந்தும் காஃபின் வெளியேறுவதைத் தடுக்கின்றன. குறைந்த அளவு காஃபினே நீண்ட நேரம் உடலில் தங்கும்.
• ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் காஃபினுக்கு நெருங்கிய வேதிப்பொருள். இரண்டும் சேர்ந்தால் படபடப்பும் குமட்டலும் மிகும்.
• லித்தியம் உட்கொள்பவர்கள் காஃபின் அளவைத் திடீரெனக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. நிறுத்தும்போது இரத்தத்தில் லித்தியத்தின் அளவு உயரக்கூடும்.
• மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், கவனக்குறைபாட்டுக்கான மெத்தில்ஃபெனிடேட் போன்ற தூண்டுமருந்துகளுடன் சேர்த்துக் குடித்தால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும்.

அடினோசின் போன்ற மருந்தைச் செலுத்திச் செய்யப்படும் இதய ஸ்கேன் பரிசோதனைக்கு முன் காஃபினைத் தவிர்க்க வேண்டும்; எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவமனையில் கேட்டறிந்துகொள்ளுங்கள். இரத்த அழுத்தம் அளவிடுவதற்கு முந்தைய அரை மணி நேரத்திலும் காஃபின் கூடாது.

மதுவுடன் கலக்கக் கூடாது

காஃபின் மதுவின் மயக்கத்தை மறைக்கிறது. மதுவின் பாதிப்பைக் குறைப்பதில்லை. இரத்தத்தில் மதுவின் அளவு அப்படியே இருக்க, தாம் தெளிவாக இருப்பதாக ஒருவர் எண்ணிக்கொள்வார். அதனால் மேலும் குடிப்பார், வாகனத்தையும் ஓட்டுவார். அமெரிக்காவில் காஃபின் கலந்த மதுபானங்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களுக்கு அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010-ஆம் ஆண்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது இதன் அடிப்படையில்தான்.

ஆற்றல் பானங்கள் தொடர்பாக அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 2007-இல் 10,068 ஆக இருந்து 2011-இல் 20,783 ஆக உயர்ந்தது. அவர்களுள் ஏறத்தாழ பத்தில் நால்வர் மது அல்லது மருந்து போன்ற வேறொன்றையும் சேர்த்து உட்கொண்டிருந்தனர்.

தூக்கத்தைக் கடன் வாங்குதல்

படுக்கைக்குச் செல்வதற்கு 6 மணி நேரம் முன்னதாக 400 மில்லி கிராம் காஃபின் உட்கொண்டவர்களின் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்ததை 2013-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. தூக்கம் குறைந்தால் மறுநாள் களைப்பு மிகும். களைப்பைப் போக்க மீண்டும் காஃபின் தேவைப்படும். இந்தச் சுழற்சியே பழக்கமாக மாறுகிறது.

2010-இல் ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், 44.8 விழுக்காட்டினர் நாளொன்றுக்கு ஓர் ஆற்றல் பானமேனும் குடிப்பதாகக் கூறினர். மூன்று அல்லது அதற்கு மேல் குடித்தவர்களே நாளொன்றுக்கு 4 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்குவதாகவும், கூட்டங்களிலும் காவல் பணியிலும் கண்ணயர்ந்துவிடுவதாகவும் மிகுதியாகத் தெரிவித்தனர். விழித்திருக்கவே குடித்தார்கள்; ஆயினும் விழித்திருக்க வேண்டிய இடத்தில் உறங்கினார்கள்.

நீங்கள் இரவில் வாகனம் ஓட்டுபவராயின் இதனை நினைவில் கொள்ளுங்கள். கண் செருகும்போது வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். 15 முதல் 20 நிமிடம் வரை உறங்குங்கள். உறங்கும் முன் ஒரு கோப்பை காபியோ தேநீரோ குடித்தால், எழும் வேளையில் அதன் பலனும் கிடைக்கும். எந்தப் பானமும் உறக்கத்துக்கு மாற்றாகாது.

களைப்பே ஒரு நோயின் அறிகுறியாக இருக்கலாம்

இப்பக்கத்தில் நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. தொடர்ந்த களைப்பைக் காஃபினால் மறைத்துக்கொள்பவர், அக்களைப்பின் காரணத்தைக் கண்டறியும் வாய்ப்பைத் தள்ளிப்போடுகிறார். 2019–21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இரத்தசோகையால் வரும் களைப்புக்குத் தேவை இரும்புச்சத்தும் முறையான சிகிச்சையும் ஆகும்; காஃபின் அன்று.

நீரிழிவு, தைராய்டு குறைச் சுரப்பு, பி12 வைட்டமின் குறைபாடு, காசநோய், சிறுநீரக நோய், மனச்சோர்வு ஆகியவையும் களைப்பாகவே தொடங்கலாம். இரவில் பலத்த குறட்டையும், பகலில் அடக்க முடியாத உறக்கமும் இருந்தால் உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கக்கூடும். இரண்டு வாரங்களுக்கும் மேலாகக் களைப்பு நீடித்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றின் அளவை அறியும் எளிய பரிசோதனைகளே பல வேளைகளில் காரணத்தைக் காட்டிவிடும்.

எந்த அறிகுறிகள் தோன்றினால் உடனே செயல்பட வேண்டும்?

கைநடுக்கம், படபடப்பு, குமட்டல், வயிற்றெரிச்சல், எரிச்சல் மனநிலை, தூக்கமின்மை ஆகியவை காஃபின் மிகுந்துள்ளதற்கான தொடக்க அறிகுறிகள். மேற்கொண்டு காஃபின் உட்கொள்ளாமல், தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள்.

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

• நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல்
• மிக வேகமான அல்லது சீரற்ற இதயத் துடிப்பு
• மயக்கம், வலிப்பு, மனக்குழப்பம்
• நிற்காத வாந்தி
• சிறு குழந்தை இதனைக் குடித்துவிட்டது என்ற ஐயம் (அறிகுறி தோன்றும் வரை காத்திருக்க வேண்டாம்)

ஊர்தி வரும் வரை நோயாளியைத் தனியே விடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மயங்கியிருந்து மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பின்போது வாயில் எதனையும் திணிக்காதீர்கள். குடித்த புட்டியை உடன் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை புட்டி, எந்நேரத்தில் குடிக்கப்பட்டது என்பதை மருத்துவரிடம் கூறுங்கள்.

பழக்கத்திலிருந்து விடுபடுவது எப்படி?

நாள்தோறும் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல், கவனமின்மை தோன்றலாம். இவை 2 முதல் 9 நாள்கள் வரை நீடிக்கும், ஆபத்தானவை அல்ல. படிப்படியாகக் குறைத்தால் இத்தொல்லை பெரிதும் தவிர்க்கப்படும்.

• முதல் வாரம் முழுப் புட்டிக்குப் பதில் பாதிப் புட்டி குடியுங்கள்.
• இரண்டாம் வாரம் புட்டியைக் கைவிட்டு, சிறிய அளவு காபி அல்லது தேநீருக்கு மாறுங்கள்.
• நண்பகலுக்குப் பின் காஃபினைத் தவிர்த்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் உறங்கச் செல்லுங்கள்.
• காலை உணவைத் தவிர்க்காதீர்கள்; போதிய தண்ணீர் குடியுங்கள்.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் விதிகளின்படி, காஃபின் பானம் என விற்கப்படும் ஒன்றில் லிட்டருக்கு 145 மில்லி கிராமுக்குக் குறையாமலும் 300 மில்லி கிராமுக்கு மிகாமலும் காஃபின் இருக்க வேண்டும். அதன்படி 250 மில்லி லிட்டர் குடுவையில் அதிகபட்சம் 75 மில்லி கிராம் இருக்கலாம். 57 மில்லி லிட்டர் புட்டி இதே வரம்புக்கு உட்படுமானால் அதில் சுமார் 17 மில்லி கிராம் மட்டுமே இருக்க முடியும். 200 மில்லி கிராம் உள்ள வெளிநாட்டுப் புட்டி இவ்வரம்பைப்போல் பத்து மடங்குக்கும் மேல் செறிவானது. ஆகவே இணையவழியிலோ, வெளிநாட்டிலிருந்து வருபவர் வழியாகவோ கிடைக்கும் புட்டிகளை உள்ளூர்க் கடையில் வாங்கும் பானத்துக்கு நிகராகக் கருதாதீர்கள்.

காஃபின் அளவு குறிப்பிடப்படாத புட்டியை வாங்க வேண்டாம். லிட்டருக்கு எவ்வளவு என்பதைவிட ஒரு புட்டியில் மொத்தம் எவ்வளவு என்பதைப் பாருங்கள். உலகின் பிற நாடுகளும் இதில் கட்டுப்பாடுகளை விதித்துவருகின்றன. லிதுவேனியா 2014-லும், லாட்வியா 2016-லும், போலந்து 2024-லும் 18 வயதுக்குட்பட்டோருக்கு ஆற்றல் பானங்கள் விற்பதைத் தடை செய்தன.

பராமரிப்பாளர்களுக்கு

வீட்டில் உள்ள மாணவரின் பையில் காலிப் புட்டிகளைக் கண்டால், கடிந்துகொள்வதற்கு முன் அவர் எத்தனை மணி நேரம் உறங்குகிறார் என்று கேளுங்கள். தேர்வுச் சுமையோ மனக்கவலையோ காரணமாக இருக்கலாம். முதியவர்களுக்கோ நோயிலிருந்து மீண்டுவருபவர்களுக்கோ ‘தெம்பு வரட்டும்’ என்று நல்லெண்ணத்தில் இதனை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவர்கள் உட்கொள்ளும் மருந்துகளுடன் இது முரண்படக்கூடும். இரவு பகலாக நோயாளியைக் கவனிக்கும் உங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். விழித்திருக்கப் புட்டியை நாடுவதைவிட, குடும்பத்தினருடன் முறை வைத்துக்கொண்டு உறங்குவது நோயாளிக்கும் உங்களுக்கும் நன்மை தரும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை இல்லாததால் நீரிழிவு உள்ளவர் குடிக்கலாமா?
சர்க்கரை இல்லை என்பது மட்டும் போதாது. சிலருக்குக் காஃபினே இரத்தச் சர்க்கரையை உயர்த்தக்கூடும். மேலும், சர்க்கரை தாழ்வதால் ஏற்படும் நடுக்கமும் படபடப்பும் காஃபினால் ஏற்படுவனவும் ஒன்றுபோல் தோன்றும். ஐயம் ஏற்பட்டால் உடனே சர்க்கரை அளவைப் பரிசோதியுங்கள்.

உடற்பயிற்சிக்கு முன் குடிக்கலாமா?
கடும் பயிற்சியின்போது இதயம் ஏற்கெனவே விரைவாகத் துடிக்கிறது. அந்நேரத்தில் செறிந்த காஃபினைச் சேர்ப்பது தேவையற்ற சுமை. உடற்பயிற்சிக் கூடங்களில் கிடைக்கும் தூய காஃபின் தூள் இதனினும் ஆபத்தானது. ஒரு தேக்கரண்டித் தூள் சுமார் 28 கோப்பை காபிக்கு நிகர்.

எப்போதாவது ஒரு முறை குடித்தால் தீங்கா?
ஆரோக்கியமான பெரியவர் ஒருவர், அன்றைய காபி, தேநீரைக் குறைத்துக்கொண்டு, வரம்புக்குள் ஒரு முறை குடிப்பதால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. வெறும் வயிற்றில் வேண்டாம். மாலைக்குப் பின் வேண்டாம். ஒரே நாளில் இரண்டாவது புட்டி வேண்டாம்.

மேலும் ஐயங்கள் இருந்தால் உங்கள் மருத்துவரையோ, 104 சுகாதார உதவி எண்ணையோ தொடர்புகொள்ளுங்கள். இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.